தேர்வு

"இன்று தேர்வு" என்று பலகையில் எழுதினேன்.
நாகலூர் பள்ளி, எட்டாம் வகுப்பு, இருபத்தொன்பது பேர்.
நோட்டின் நடுத்தாளைக் கிழித்தார்கள்.
பெயர். வரிசை எண். மடித்துவிட்ட மார்ஜின்.
அழப்போகிற முகத்தோடு ஒருவன் பேனாவை உதறினான்.

நான் சொல்ல வந்தது வேறு.
ஒரே சொல்லுக்கு இரண்டு வாசல் வைத்த மொழியில்
இவர்கள் இதுவரை நுழைந்தது ஒன்றில் மட்டும்.

"பரீட்சை இல்லப்பா. நீங்களே எடுத்துக்கலாம்.
எதை வேணும்னாலும் அளந்து
எழுதிட்டு வாங்க. ஒரு வாரம்."

தண்ணீர் பாட்டில் மூடி ஒன்று
தரையில் உருண்டு நிற்கும்வரை யாரும் பேசவில்லை.
பிறகு ஜெசிந்தா எழுந்தாள்:
"எதை எடுத்தா மார்க் ஜாஸ்தி மிஸ்?"

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
மூன்று வருடமாக நானும் கொடுத்துத்தான் வந்திருக்கிறேன்:
நீல மையா, கறுப்பு மையா.
நாலாம் கேள்வியா, ஐந்தாம் கேள்வியா.
எழுதுறியா, வெளியே நிக்கிறியா.
இரண்டு கையையும் மூடி நீட்டி,
இரண்டிலும் ஒன்றுமே வைக்காத விளையாட்டு.
பிள்ளைகள் கையைப் பார்ப்பதில்லை,
முகத்தைப் பார்க்கிறார்கள்,
மிஸ்ஸுக்கு எது பிடிக்கும் என்று.

கடைசி வரிசையில் சேர்வராயன் மட்டும் தாளைக் கிழித்திருக்கவில்லை.
"எதுவும் வேணாம்னா, அதுவும் இதுல உண்டா மிஸ்?"
அதை நான் யோசித்திருக்கவில்லை.
உண்டு என்றேன்.
குரல்தான் அவ்வளவு உறுதியாக வரவில்லை.

ஒரு வாரம் கழித்து
பெருமையாகச் சொல்லிக்கொள்ள அதிகமில்லை.
ஏழு பேர் ஒரே வகுப்பறைக் கதவை அளந்திருந்தார்கள்,
ஒருவனைப் பார்த்து ஒருவன்.
அதிலும் இரண்டு பேர் தப்பாகப் பார்த்து.
நான்கு பேர் கொண்டுவரவே இல்லை.
ஜெசிந்தா தன் பின்னலை அளந்திருந்தாள்,
காய்ந்திருந்தபோது ஒருமுறை, நனைந்திருந்தபோது ஒருமுறை.
ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். ஏன் என்றாள்.
எனக்குத் தெரியவில்லை.

சேலம் பஸ்ஸில்
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள்
எனக்கு ஒருமுறையாவது குமட்டும்.
அன்று குமட்டவில்லை.
அஸ்தம்பட்டி வரும்வரை
அந்த ஒன்றரை சென்டிமீட்டரிலேயே இருந்தேன்.

பதினோராம் நாள் சேர்வராயன் வந்தான்.
காப்பிப் பழம் பறிக்கும் மாதம்.
அவன் அம்மாவுக்குக் கிலோ கணக்கில் கூலி.
பழத்தை நிறுக்கும் எஸ்டேட் தராசில்
ஐந்து லிட்டர் தண்ணீரை வைத்துப் பார்த்திருக்கிறான்.
நாலரை காட்டியது.
மறுநாளும் நாலரை.
மேஸ்திரி டீ குடிக்கப் போன ஆறு நாளும் நாலரை.
ஒரு அளவை நம்பாதே, திரும்ப எடு என்று
நான் பாடம் நடத்தியபோது தூங்கியவன்.

"பாட்டில் எடையைக் கழிக்கணுமா மிஸ்?"
கழித்தோம்.
இன்னும் குறைந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் ஒரு புல்லட் நின்றது.
தலைமையாசிரியர் மாதையன் கூப்பிட்டனுப்பினார்.
"இது எந்தப் பாடத்துல வருது?"
ஆறாம் வகுப்பு, முதல் பாடம் சார் என்றேன்.
அவருக்குச் சிரிப்பு வரவில்லை.
பயந்திருந்தார் என்று நினைக்கிறேன்.
"அந்தப் பையனோட நோட்டை இங்க வைக்கிறீங்களா,
இல்ல, விளக்கம் எழுதித் தர்றீங்களா?
நீங்களே முடிவு பண்ணுங்க டீச்சர்."

மூடிய இரண்டு கை.
நானும் முகத்தைத்தான் பார்த்தேன், முதலில்.

வெளியே மைதானத்தில் யாரோ ஒரு பொடியன்
குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து
எதையோ அளந்துகொண்டு போனான்.
பாதியில் எண்ணிக்கை தவறியது.
நின்றான். தலையைச் சொறிந்தான்.
கொடிக்கம்பத்திலிருந்து மறுபடி ஒன்று.

"எதுவும் வேணாம்னா, சார்,"
என்று ஆரம்பித்தேன்.